வாசிக்கிற மாதிரி

தமிழில் ஓர் அநியாயம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது அநியாயமாகவே தெரியாது. 'கெ' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வாயில் க் முதலில் வருகிறது, எ பிறகு வருகிறது. எழுதும்போது மட்டும் எ-வுக்கான கொம்பு முந்திக்கொண்டு வந்து நிற்கிறது, க பின்னால் போய்விடுகிறது. 'கொ' அதைவிட மோசம். முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஓர் அரவு என்கிற கால், நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற ஒரு க. என்னோடு படித்த பிள்ளைகள் இதைச் சில நாட்களில் பழகி, பழகியதையும் மறந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் பழகவே இல்லை. என் பெயரே கொம்பில்தான் தொடங்குகிறது என்பது கூடுதல் கொடுமை.

கொம்பு மட்டும்தான் தொல்லை என்றில்லை. ள-வும் ன-வும் ண-வும் ஒன்றின் முகத்தை இன்னொன்று போட்டுக்கொண்டு வரும். ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குப் போனால் போன வரியிலேயே வந்து விழுவேன். ஒரு சொல்லின் கடைசி எழுத்தைக் கண்டுபிடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். இப்போது இதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம், வைத்தியர்கள் இருக்கிறார்களாம். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு இருந்த பெயர் மக்கு.

இதையும் நான் எழுதவில்லை. போனிடம் சொல்கிறேன், அது எழுத்தாக்குகிறது. பிறகு அதையே வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, பிடிக்காத இடத்தைத் திருப்பிச் சொல்கிறேன். என்னுடைய தமிழ் முழுவதும் காது வழியாக வந்தது. பள்ளிக்கூடத்திலும் வானொலியிலும் கேட்ட தமிழ் அப்படியே எனக்குள் தங்கிவிட்டது. அதனால்தான் பேசும்போது படித்தவள் மாதிரி இருப்பேன். என் வாழ்க்கையைக் கெடுத்ததும் அதுதான்.

நாங்கள் இருந்தது இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் கோடி வீட்டில். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா கொழுந்து எடுத்தாள். எனக்குப் பிறகு பிறந்தது எதுவும் தங்கவில்லை, ஆகவே வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது, கைநாட்டு. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நான் கொழுந்தெடுக்க மலைக்குப் போகக்கூடாது. கூடையைத் தலையில் மாட்டக்கூடாது. அதற்கு நான் வாசிக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், பதுளையிலோ எங்கேயோ ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். இதை அவள் யாரிடமும் ஆசையாகச் சொல்லவில்லை, முடிவாகவே சொன்னாள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிழைப்பது சுலபமாக இருந்தது. டீச்சர் ஒரே பாடத்தை வகுப்பு முழுவதையும் வரிசையாக வாசிக்கச் சொல்லுவார். நான் கடைசி வாங்கில் கடைசி ஆளாக உட்கார்ந்துகொள்வேன். என் முறை வருவதற்குள் அந்தப் பாடம் என் காதில் பலமுறை விழுந்திருக்கும். எழுந்து நின்று, புத்தகத்தைப் பிடித்து, எந்த இடத்தில் மூச்சு விட வேண்டுமோ அந்த இடத்தில் விட்டு, எந்த இடத்தில் பக்கம் புரட்ட வேண்டுமோ அந்த இடத்தில் புரட்டி, ஒப்பித்துவிடுவேன். டீச்சர் என்னைத்தான் பாராட்டுவார். "பாரு, எவ்வளவு உணர்ச்சியா வாசிக்கிறா" என்பார். எழுத்துக் கூட்டித் தட்டுத்தடுமாறி வாசித்த பிள்ளைகளுக்குத் திட்டு விழும். அவர்களைப் பார்த்து எனக்கு எவ்வளவு பொறாமையாக இருந்தது என்று டீச்சருக்குத் தெரியாது.

அந்திக்குக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அம்மா வருவாள். காலில் அட்டை கடித்த இடத்தைக் கழுவிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டே, "என்னா, வாசி" என்பாள். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அன்றைக்குக் காதில் விழுந்த பாடத்தைச் சொல்லுவேன். அவளுக்கு நாட்டு வளமும் நீர் வட்டமும் அரசர் கதையும் எல்லாம் ஒன்றுதான். சில நேரம் மாவுக் கையோடு அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்க வேண்டுமென்றே, "சத்தமா வாசிடி" என்பாள். ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம் எனக்கு அப்போது இல்லை. வாசிப்பது என்றால் இதுதான் என்று பாதி நம்பிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் எழுத்தைப் பார்த்துச் செய்கிறார்கள், நான் பார்க்காமல் செய்கிறேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஹல்துமுல்லைப் பக்கம் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. அங்கே விஞ்ஞானம், வரலாறு, கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஆள். யாரும் வரிசையாக வாசிக்கச் சொல்வதில்லை. கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், நாங்கள் பார்த்து எழுத வேண்டும். நான் எழுதவில்லை, வரைந்தேன். ஓர் எழுத்தைப் பார்ப்பது, வரைவது, மறுபடி நிமிர்வது, விட்ட இடம் தெரியாமல் தேடுவது. நான் பாதிப் பலகை வருவதற்குள் மணி அடித்து, அடுத்தவர் வந்து பலகையை அழித்துவிடுவார். கொப்பி முழுவதும் பாதி வசனங்கள். பரீட்சைத் தாளில் கேள்வி என்ன என்று தெரியாது, அதனால் கேள்வித் தாளில் இருப்பதையே விடை என்று திரும்ப வரைந்து கொடுத்துவிட்டு வருவேன்.

ஆனால் வருடம் பிறந்தால் வகுப்பு ஏறும். நம் நாட்டில் அது ஒரு வசதி. யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. நான் ஏறிக்கொண்டே இருந்தேன். ஆறு, ஏழு, எட்டு என்று ஏற ஏற எனக்குப் பயம்தான் கூடியது. ஒவ்வொரு தை மாதமும் புதுப் புத்தகக் கட்டு தருவார்கள். மற்றப் பிள்ளைகள் புதுத் தாளை மோந்து பார்ப்பார்கள். நான் கட்டைப் பிரிக்காமலே பைக்குள் போட்டுக்கொள்வேன்.

ஒன்பதாம் ஆண்டில் தமிழுக்கு ஒரு புது டீச்சர் வந்தார். பட்டம் முடித்துவிட்டு நேரே வந்தவர், வேகமானவர். முதல் நாளே புதுப் பாடத்தைத் திறந்து, பின்வாங்கிலிருந்து தொடங்கலாம் என்று என்னை எழுப்பிவிட்டார். யாரும் எனக்கு முன்னால் வாசித்திருக்கவில்லை. நான் நின்றேன். அவர் காத்திருந்தார். நான் தொண்டையைச் செருமினேன், இருமினேன், புத்தகத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"எல்லாரும் வாசிக்கிறாங்க. உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்றார்.

வகுப்பு சிரித்தது. அவர் வழக்கமாக எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார், எனக்குத் திமிர் என்று நினைத்திருப்பார். நானோ அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் எழுத்திலேயே கொம்பு. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொம்பு என்றே பேர். பஸ்ஸில் ஏறினால் பையன்கள் நெற்றியில் இரண்டு விரலை வைத்துக் காட்டுவார்கள். நானும் சிரித்து வைப்பேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், வாசிக்கத் தெரியாதவள் என்று தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்த டீச்சர் ஆனால் விடவில்லை. கொஞ்ச நாளிலேயே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கேலி செய்வதை நிறுத்திவிட்டார், என்னைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். இடைவேளையில் ஒருநாள் ஒன்றாம் ஆண்டுப் புத்தகம் ஒன்றை என் பைக்குள் வைத்து, "வீட்ல வச்சுப் பழகு" என்றார். பதினான்கு வயதில் அம்மா, ஆடு, இலை. அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. போகிற வழியில் ஒரு மதகுக்குள் போட்டுவிட்டேன். அம்மா கண்ணில் அது பட்டால் படம் பார்த்தே அவளுக்கு விளங்கிவிடும்.

பதினோராம் ஆண்டு, சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற வருடம் வந்தது. பள்ளிக்கூட அதிபர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தீபாவளிச் சேலையை உடுத்திக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, என்னைவிட முன்னால் நடந்தாள். நல்ல செய்தி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை. எனக்கு எதற்கென்று தெரியும். வழி முழுவதும் பஸ் எங்காவது உருண்டுவிடாதா என்று வேண்டிக்கொண்டு போனேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் வேண்டிக்கொண்டேன்.

அதிபர் கெட்ட மனுஷர் இல்லை. அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

"பரீட்சைக்குப் போனாலும் உங்க மகளுக்கு ஒரு பாடமும் வராதும்மா. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது" என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். "என்னங்க சேர் சொல்றீங்க? தெனம் அந்திக்கு எனக்கு வாசிச்சுக் காட்டுதுங்களே. லயமே கேக்குதுங்க."

அவர் எழுந்தார். பிறகு அலுமாரியிலிருந்து ஏதோ ஒரு புத்தகத்தை எடுத்து, நடுவில் பிரித்து, என் கையில் கொடுத்தார்.

"வாசிம்மா" என்றாள் அம்மா. அவள் குரலில் அப்போதுகூட ஒரு பெருமை இருந்தது. சேருக்குக் காட்டிவிடு என்கிற மாதிரி.

நான் வாசித்தேன். முயற்சி செய்யவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு அந்த எழுத்துகளைப் பார்த்தேன். எ என்றேன், ப என்றேன், இல்லை பெ என்றேன், பிறகு ர-வா அரவா என்று தெரியாமல் நின்றேன். மறுபடி முதலிலிருந்து எ என்றேன். அம்மா என் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள், பிள்ளைக்கு ஊட்டும்போது தாய் வாயைத் திறப்பாளே, அந்த மாதிரி. பிறகு அவள் உதடு நின்றது. எந்த நொடியில் அவளுக்குப் புரிந்தது என்பதை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

"விடுங்க சேர்" என்றாள். "அதுல எழுத்து ரொம்பச் சின்னதா இருக்குங்க. புள்ளைக்குக் கண்ணுல கொஞ்சம் நோவு."

அதிபர் தலையாட்டினார். கண்ணுக்குக் காட்டுங்கள் என்றார். அவருக்கும் அதில் முடித்துக்கொள்ளத்தான் விருப்பம் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தோட்டத்துக்குத் திரும்பும் சந்தி வரப்போகும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அப்ப எனக்கு வாசிச்சதெல்லாம்?"

"மனப்பாடம்மா."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். அவள் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வழக்கம்போல் ஏற்றத்தில் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

பீலியடியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டது லயத்துக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், "என்னக்கா, என்னா சொன்னாங்க?"

அம்மா தயங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. யோசித்த மாதிரியே தெரியவில்லை.

"புள்ள நல்லாத்தான் படிக்குதாம். பரீச்சைக்குப் போடச் சொன்னாங்க. நாந்தான் வேணாம்னுட்டேன். எனக்கு முட்டி நோவு, ஒத்தச் சம்பளத்துல முடியல. நாளையிலருந்து மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பெண்கள் குடத்தைப் பீலிக்கடியில் தள்ளி வைத்தார்கள். நாங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் பேசினார்கள். பாவி, படிக்கிற புள்ளைய இப்படிப் பண்ணிட்டாளே என்று ஒருத்தி சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது. அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றைக்கு அந்தியில் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த அந்தியிலும் சொல்லவில்லை.

அடுத்த நாள் விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளையிடம் என் பெயரைக் கொடுத்தாள். அவர்கூட, "ஏம்மா, புள்ள படிக்கிற புள்ளையாச்சே" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எந்தக் கூடையை நான் தொடக்கூடாது என்று சொன்னாளோ அந்தக் கூடையின் கயிற்றை அவளே என் தலையில் சரிசெய்து மாட்டிவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததைத் தண்டனை என்பதா, கொடுமை என்பதா, எனக்குத் தெரியவில்லை. லயத்தில் நான்தான் படித்தவள். பெற்றவள் கெடுத்துவிட்ட படித்தவள். வருகிறவர்கள் எல்லாம் எதையாவது தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தார்கள். கிளினிக் துண்டு, மாத்திரைப் பெட்டி, கோயில் நோட்டீஸ். யார் கதவில் நின்றாலும் அம்மா முந்திக்கொள்வாள். "அவளுக்குக் கண்ணு நோவு." "இப்பத்தான் படுத்தா." "நாளைக்கு வாங்க." சில நேரம் நானே மாட்டிக்கொள்வேன். தாளைக் கையில் வாங்கி, கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டி, எவ்வளவு நேரம் பார்த்தால் வாசிக்கிற மாதிரி இருக்குமோ அவ்வளவு நேரம் பார்த்துவிட்டு, "டொக்டர்கிட்டயே ஒரு தடவை கேட்டுக்கங்க" என்பேன். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று போய்விடுவார்கள்.

அம்மாவைப் பழி சொல்வது மட்டும் நிற்கவில்லை. வயதான காலத்தில்கூட, முட்டி மெய்யாகவே வலித்து அவள் சுவரைப் பிடித்து நடந்தபோது, "படிக்கிற புள்ள வயித்துல அடிச்ச பாவம்" என்று சொல்ல ஆள் இருந்தது. நான் பல தடவை வாயைத் திறந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அம்மா ஒரு பார்வை பார்ப்பாள், வாய் மூடிவிடும். என் மானம்தான் அவளிடம் இருந்த ஒரே சொத்து என்கிற மாதிரி அதைக் காத்துக்கொண்டிருந்தாள்.

போன மழைக்காலத்தில் அம்மா பதுளை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். மாமா, அம்மாவின் தம்பி, உடலை வீட்டுக்குக் கொண்டுபோக வேன் பிடித்தார். போகிற வழியில் பஜாரில் மரண அறிவித்தல் அடித்துக்கொண்டு போய்விடலாம் என்றார். அச்சுக்கடைக்குள் என்னைத்தான் அனுப்பினார். "நீ போய்ப் பாத்துச் சொல்லும்மா, எங்களுக்கு என்னா தெரியும்."

கடைப் பையன் அம்மாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினான். நான் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், எடுக்கிற நேரத்தைச் சொன்னேன். அவன் ஏற்கெனவே யாருக்கோ அடித்த ஒன்றைத் திறந்து, அதிலேயே மாற்றிக்கொண்டு போனான். நடுவில் இரண்டு தடவை போன் வந்தது. கடைசியில் திரையை என் பக்கம் திருப்பினான்.

"பாருங்கக்கா, சரின்னா அடிச்சிரலாம்."

அம்மாவின் முகம் இருந்தது. அதன் கீழே பூ வேலைப்பாட்டோடு பெரிய எழுத்துகள். என் பெயரை நான் ஒரு படமாக அறிவேன், எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். அம்மாவின் பெயரை எழுத்தில் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினேன். கொஞ்சம் நிறுத்தி, தலையை ஆட்டினேன்.

"சரி" என்றேன்.

விடிவதற்குள் தோட்டத்துப் பையன்கள் சந்தியிலிருந்து லயம் வரை ஒவ்வொரு கம்பத்திலும் ஒட்டிவிட்டார்கள். காலையில் அந்தப் பழைய கணக்கப்பிள்ளை பூமாலையோடு வந்தார். வாசலில் நின்று, "கம்பத்துல அம்மா படத்தைப் போட்டுட்டு வேற யாரோட பேரையோ போட்டிருக்கீங்களே" என்றார். நாள்தோறும் பெரட்டில் அம்மாவின் பதிவுப் பெயரைக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். தோட்டத்தில் எங்கள் எல்லோருக்கும் பதிவுப் பேர் ஒன்று, கூப்பிடுகிற பேர் ஒன்று. ஒட்டின பையன்கள் அதைப் பார்த்துத்தான் இருக்கிறார்கள். அதுதான் அவளுடைய பதிவுப் பேர் போலிருக்கிறது என்று நினைத்து ஒட்டியிருக்கிறார்கள். கடைப் பையன் ஊரையும் நேரத்தையும் மாற்றிவிட்டு, முன்னால் இறந்துபோனவளின் பெயரை அப்படியே விட்டிருக்கிறான்.

மாமா கடைக்குப் போன் போட்டுக் கத்தினார். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அக்காதான் பார்த்துச் சரி சொன்னார் என்று அவன் சொல்லியிருப்பான். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றேன். சத்தமாகவே சொன்னேன். "எப்பவுமே தெரியாது. அம்மா என்னைப் படிக்காம நிறுத்தல. அம்மாவ யாரும் எதுவும் சொல்லாதீங்க. என்னாலதான் முடியல."

பக்கத்து வீட்டுக்காரி எழுந்து வந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "பெத்தவ போன துக்கத்துல என்னென்னமோ பேசுது. அழுத கண்ணுக்கு எழுத்தா தெரியும்?" என்றாள். மற்றப் பெண்கள் ஆமாம் என்றார்கள். "இப்பக்கூட ஆத்தாள விட்டுக் குடுக்குதா பாரு" என்று ஒருத்தி சொன்னாள். நான் திரும்பவும் சொன்னேன். அவர்கள் என் முதுகைத் தடவிவிட்டார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

புதிதாக அடிக்க நேரம் இல்லை. மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பறை முன்னால் போக, கம்பத்துக்குக் கம்பம் ஒட்டியிருந்த அந்த இன்னொருத்தியின் பெயரைக் கடந்துதான் அம்மாவைக் கொண்டு போனார்கள்.